கப்பலில் போனவளுக்கு ஒரு புடவை

என் மருமகள் அமெரிக்காக்காரி. அதை நான் ஊரில் மறைக்கவும் இல்லை, தம்பட்டம் அடிக்கவும் இல்லை. கேட்டவர்களிடம், "ஆமா, வெள்ளைக்காரப் பொண்ணுதான். என் புள்ளைக்குப் புடிச்சுது, கட்டிக்கிட்டான்" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்துக்கொண்டு போனேன். கல்யாணத்தைப் போனில் பார்த்தேன். பிறகு ஒரு தடவை இருவரும் வந்து நாலு நாள் இருந்தார்கள். நல்ல பெண். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். கொசு கடித்துக் கால் முழுக்கச் சிவந்தபோதும் முகம் சுளிக்கவில்லை. அந்த நாலு நாளில் அவளிடம் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். வாய்க்கவில்லை.

பெட்டி என்றால் பூவாடைப் பெட்டி. நான் வாக்கப்பட்டு வந்த வீட்டில், எந்தக் காலத்திலோ, ஒரு மருமகள் சின்ன வயதிலேயே செத்துப்போனாள். புருஷன் இருக்கும்போதே பூவும் பொட்டுமாகப் போகிறவளைப் பூவாடைக்காரி என்று சாமியாக வைத்துக் கும்பிடுவது எங்கள் வழக்கம். வருஷா வருஷம் தை மாசத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அவளுக்குப் படையல் போடுவோம். புதுப் புடவை ஒன்றை மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, படைத்து, மூங்கில் பெட்டியில் வைத்து மூடுவோம். போன வருஷத்துப் புடவையை வெளியே எடுத்து வீட்டு மருமகள் கட்டிக்கொள்வாள். பெட்டிக்கு அவள்தான் பொறுப்பு. மாமியார் கையிலிருந்து மருமகள் கைக்கு, அப்படியே வந்தது அது. என் மாமியார் என்னிடம் கொடுத்தபோது பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "இந்தா, இனிமே உன் பாடு" என்றார். அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் போன பிறகு நான் அந்தப் புடவையைக் கட்டுவதில்லை. படையலை மட்டும் நிறுத்தவில்லை. தாலி அறுத்தவள் படைக்கலாமா என்று ஊரில் ஒன்றிரண்டு பேர் வாயெடுத்தார்கள். "அப்ப நீங்க வந்து படைங்க, நான் அடுப்பு எரிச்சுத் தர்றேன்" என்றேன். படைக்க ஒருத்தரும் வரவில்லை. கட்டாத புடவைகள் பெட்டியில் சேர்ந்துகொண்டே போயின. மூடி பொருந்தாமல் போய்க் கயிறு போட்டுக் கட்டி வைத்தேன்.

எனக்கு ஒரே பிள்ளை. என் வீட்டுக்காரருக்கும் அண்ணன் தம்பி கிடையாது. ஆகவே எனக்குப் பிறகு அந்தப் பெட்டிக்கு ஆள் என்றால் அமெரிக்காவில் இருக்கிற அந்தப் பெண் ஒருத்திதான். திருக்காட்டுப்பள்ளிக்கு பஸ்ஸில் போகும்போதும், குத்தகைக்காரர் நெல் அளந்து போட்டுவிட்டுப் போன பிறகு களத்தில் தனியாக நிற்கும்போதும், இந்த ஒரு யோசனைதான் பக்கத்தில் வந்து நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளை போன் போடுவான். ஒரு ஞாயிறு, சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா எல்லாம் முடிந்த பிறகு கேட்டான்.

"அம்மா, தாத்தாவோட அப்பா பேரு என்ன? அவங்க சம்சாரம் பேரு?"

"எதுக்குடா?"

"அத்தை கேக்குறாங்க. அவங்க வம்சத்தைப் பத்தித் தேடி எழுதிக்கிட்டு இருக்காங்க. நம்ம பக்கமும் வேணுமாம்."

அத்தை என்றால் மருமகளின் அம்மா, என் சம்பந்தி. எனக்குச் சுருக்கென்றது. கொள்வதற்கும் கொடுப்பதற்கும் முன்னால் விசாரிப்பது ஊர் உலகத்து வழக்கம். எந்த ஊர், எந்த வகையறா, தாத்தா என்ன செய்தார், பாட்டி எங்கிருந்து வந்தாள் என்று நாலு பேரிடம் கேட்டுத்தான் நாங்களும் சம்பந்தம் பேசுவோம். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து என் வீட்டைத் துருவுகிறார்களே, எங்களிடம் என்ன குறை கண்டார்கள்?

"பொண்ணு கொடுக்கறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியதை இப்பத்தான் கேக்குறாங்களா உங்க அத்தை? எங்க வீட்டு விவரம் வேணும்னா மொதல்ல அவங்க வீட்டு விவரத்தை அனுப்பச் சொல்லு. ஒண்ணு விடாம அனுப்பச் சொல்லு. நாங்களும் பாத்துட்டுதான் சொல்லுவோம்."

"அம்மா, இது அந்த மாதிரி விசாரிக்கறது இல்லம்மா."

"நான் சொன்னதை அப்படியே சொல்லு."

அப்படியே சொல்லியிருக்க மாட்டான். எப்படிச் சொன்னானோ, கொஞ்ச நாளில் கூரியர்காரர் ஒரு பொதியைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். செங்கல் கனம். பிரித்தால் உள்ளே முழுக்கக் காகிதம், எல்லாம் இங்கிலீஷ். கோடு போட்டு, கோடு பிரிந்து, பிரிந்ததும் பிரிந்து, கட்டம் கட்டமாகப் பெயர்கள். எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். எதிர்வீட்டுக்காரி வந்து அதைக் கையில் தூக்கிப் பார்த்தாள்.

"என்னக்கா இது, பத்திரமா?"

"சம்பந்தி வீட்டு வம்சம்."

"இம்மாம் கனமா? நம்ம வம்சமெல்லாம் ரேஷன் கார்டுல அடங்கிடுமே அக்கா."

"கேட்டேன், அனுப்பியிருக்காங்க."

"கேட்டீங்களே, மாடு கண்ணு எத்தனைன்னு போட்டிருக்கா?"

"போடி, போய் உன் பாலைப் பாரு, பொங்கிடப் போவுது" என்று அனுப்பினேன். ஆனால் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண்பிள்ளை தன் வீட்டை மறைக்காமல் இப்படி முழுசாக எடுத்து என் முன்னால் வைத்திருக்கிறாள்.

அடுத்த ஞாயிறு பிள்ளை சிரித்துக்கொண்டே பேசினான்.

"அம்மா, என்ன மந்திரம் போட்ட? அத்தை ஊருக்கு வர்றேங்கறாங்க."

"எந்த ஊருக்கு?"

"நம்ம ஊருக்குத்தான். இத்தனை வருஷத்துல அவங்க வீட்டு விவரத்தை யாருமே கேட்டதில்லையாம். நீதான் மொத ஆளாம். அதுவும் ஒண்ணு விடாம வேணும்னு கேட்டியாம். அவங்க பொண்ணே அந்தப் பேச்சை எடுத்தா எழுந்து போயிடுவாம்மா."

கோபத்தில் கேட்டது அங்கே போய்ப் பிரியமாக இறங்கியிருக்கிறது. இதற்கு மேல் எதைத் திருத்துவது? "வரட்டும், நல்லா வரட்டும். தை மாசம் படையலுக்கு இருக்கற மாதிரி வரச் சொல்லு" என்றேன். மருமகளும் வருவாள், பெட்டி விஷயத்தைப் பேசி முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

மருமகள் வரவில்லை. உண்டாகியிருந்தாள், தூரப் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளையும் சம்பந்தியும் மட்டும் பூதலூரில் ரயிலை விட்டு இறங்கி, காரில் வந்தார்கள். அறுப்பு நேரம். மெஷின் ஓடிய தூசி ரோடு முழுக்கப் பறந்து, சம்பந்தியின் வெள்ளைத் தலையெல்லாம் பதர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், நல்ல உயரம். நிலைப்படியில் குனிய மறந்து இடித்துக்கொண்டார். ஆரத்தி எடுத்தேன். பொட்டு வைக்க என் கை எட்டவில்லை. அவரே குனிந்து கொடுத்தார்.

"வாங்க சம்பந்தியம்மா, பிரயாணமெல்லாம் சௌகரியமா?" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ பேசினார்.

"சந்தோஷமாம்" என்றான் பிள்ளை.

"அவ்வளவு நேரம் பேசினாங்களேடா."

"ரொம்ப சந்தோஷமாம்."

மொழிபெயர்ப்பில் அவன் கஞ்சன். அவர் கால் மணி நேரம் பேசினால் இவன் இரண்டு வார்த்தையில் மூட்டை கட்டிவிடுவான். பெரிய கோயிலுக்கும் வேளாங்கண்ணிக்கும் கூட்டிப்போகிறேன் என்று அவரிடம் சொன்னான். அப்புறம் பார்க்கலாம், முதலில் இந்த வீட்டைப் பார்க்கிறேன் என்றாராம்.

மறுநாள் மத்தியானம் சாப்பாடானதும் கூடத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்தோம். சம்பந்தி கால் மடக்க முடியாமல் நீட்டிக்கொண்டு, கம்ப்யூட்டரை மடியில் வைத்து எனக்குக் காட்டினார். இங்கிலாந்தில் ஒரு கிராமம். எங்கள் ஊர் மாதிரியே மழை பெய்தால் தண்ணீர் நிற்கிற தாழ்ந்த பூமியாம். நானூறு வருஷத்துக்கு முன்னால் அங்கிருந்து ஒருவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனான். அப்போது அதுவும் இங்கிலாந்து ராஜாவின் கையில்தான் இருந்தது. காடு வெட்டி நிலம் ஆக்கினான். பிள்ளைகள் நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். போதாதவன் உள்ளே உள்ளே போனான். போன இடத்தில் தாத்தா பெயரையே பிள்ளைக்கு வைத்தான். ஆற்றில் இருந்து வாய்க்கால், வாய்க்காலில் இருந்து கிளை வாய்க்கால், அதிலிருந்து மடை என்று தண்ணீர் எங்கே போய்ப் பாய்கிறது, எங்கே வற்றுகிறது என்று மண்வெட்டியோடு பின்னாலேயே போகிறவர் மாதிரி, ஒவ்வொரு கிளையாக இந்த அம்மாள் பின்னாலேயே போயிருக்கிறார். ஒரு கிளையின் கடைசியில் என் மருமகள். அவள் பக்கத்தில் கோடு போட்டு என் பிள்ளை. அவனுக்கு மேலே காலியாகக் கிடந்தது.

"இவ்வளவு ஜனம் இருக்கே, யாராவது வீட்டுக்கு வந்து போவாங்களா?" என்று கேட்டேன்.

பிள்ளை தயங்கினான். "இதைக் கேக்கணுமா?"

"கேளு."

கேட்டான். சம்பந்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சில பேருக்கு எழுதினாராம். உங்களுக்கும் எனக்கும் ஒரே தாத்தா என்று எழுதினால், முதல் தடவை பதில் போடுவார்களாம். இரண்டாம் தடவை போட மாட்டார்களாம். ஒருத்தர் மட்டும் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்தார், அவரும் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் யார் என்றேன். யாரும் இல்லை, ஒரு பூனை இருந்தது என்றார்.

பிறகு எல்லாவற்றுக்கும் மேலே இருந்த கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். கப்பலில் போனவனின் பெயர் அதில் இருந்தது. பக்கத்துக் கட்டத்தில் ஒன்றும் இல்லை.

"இது யாரு?"

"அவன் சம்சாரம்மா. கப்பல்ல ஏத்தும்போது இன்னாரும் அவன் மனைவியும்னு மட்டும் எழுதியிருக்கான். இவங்க அந்த இங்கிலாந்து கிராமத்துக்கே போய் சர்ச்சுலயெல்லாம் தேடிப் பாத்துட்டாங்க. பேரு கெடைக்கல. அந்தப் பேரைக் கண்டுபுடிக்காம செத்துப் போயிடுவோமோன்னு இவங்களுக்கு ஒரே கவலை."

எனக்குச் சிரிப்பு வந்தது. கேலி இல்லை, வந்தது. "பேரு எதுக்கு?" என்றேன்.

"பேரில்லாம எப்படி நெனைக்கிறதுன்னு கேக்குறாங்க."

நான் எழுந்து உள்ளே போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தேன். "இவளுக்கும் பேரு தெரியாது. என் மாமியாருக்கும் தெரியாது, அவங்க மாமியாருக்கும் தெரிஞ்சிருக்காது. சோறு போடுறோம், புடவை வைக்கிறோம். வந்து வாங்கிட்டுப் போறா. சொல்லு."

இதை மட்டும் பிள்ளை ஒழுங்காகச் சொன்னான் என்று நினைக்கிறேன். சம்பந்தி பெட்டிப் பக்கம் குனிந்தார். கயிற்றைத் தொட்டார், அவிழ்க்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு முன்தினம் படையலுக்குச் சாமான் வாங்கத் திருக்காட்டுப்பள்ளிக்குக் கிளம்பினோம். காரில் ஏறுவதற்கு முன்னால் சம்பந்தி பிள்ளையிடம் தயங்கித் தயங்கி என்னவோ கேட்டார். அவன் என்னைப் பார்த்தான்.

"அம்மா, கப்பல்ல போனவளுக்கும் ஒரு புடவை வைக்கலாமான்னு கேக்குறாங்க. தப்பா இருந்தா வேண்டாமாம்."

எதிர்வீட்டுக்காரி அப்போது பூக்கட்டிக்கொண்டு என் வாசலில்தான் இருந்தாள். "என்னக்கா, கப்பலேறிப் போன வெள்ளைக்காரிக்கு நீங்க இங்க சோறாக்கிப் போடப் போறீங்களா? அவளுக்கு நம்ம கீரையெல்லாம் எறங்குமா?" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "வேற வீட்டுப் பொம்பளையை நம்ம வீட்டுக்குள்ள கூப்புடலாமாக்கா? பூவாடைக்காரி கோவிச்சுக்க மாட்டாளா?" என்றாள்.

அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. நானும் காரில் ஏறாமல் நின்று யோசித்தேன். மருமகள் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு இவளும் பாட்டிக்குப் பாட்டி, அவளும் பாட்டிக்குப் பாட்டி. ஒருத்தியை உட்காரவைத்து இலை போட்டு, இன்னொருத்தியை வாசலில் நிறுத்துவது எந்த ஊர் மரியாதை? "பொறந்த வீட்டை விட்டு வந்தவதானே அவளும். என் வீட்டுல யாரைக் கூப்புடணும்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

கடையில் சம்பந்தியையே எடுக்கச் சொன்னேன். பட்டுப் புடவையையும் ஜரிகையையும் தள்ளிவைத்துவிட்டு, நீல நிறத்தில் கரை மட்டும் போட்ட பருத்திப் புடவை ஒன்றை எடுத்தார். அவர்கள் கிராமத்துப் பெண்கள் பகட்டாக உடுத்த மாட்டார்களாம்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய, பூஜையறையில் இரண்டு பலகை போட்டேன். மஞ்சள் நனைத்த புடவை ஒன்றில், நீலப் புடவை ஒன்றில். நீலம் மஞ்சள் தண்ணீரில் நனைந்து ஒரு மாதிரி பாசிப் பச்சையாகிவிட்டது. பூ, குங்குமம், வளையல். இரண்டு இலையில் சர்க்கரைப் பொங்கல், வடை, முருங்கைக்கீரை. கற்பூரம் காட்டிவிட்டு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். சாத்தின பிறகு கொஞ்ச நேரம் யாரும் உள்ளே போகக்கூடாது. வந்தவள் சாப்பிடும்போது பார்த்தால் அவளுக்குக் கூச்சமாக இருக்கும் என்பார் என் மாமியார்.

சம்பந்தி கதவுக்குப் பக்கத்தில் நின்றார். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று மெல்லக் கேட்டார்.

"ரெண்டு பேரும்" என்றேன்.

அவர் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் வலிப்பதாகக்கூடத் தெரியவில்லை. அப்போதுதான் நான் பிள்ளையிடம் கேட்டேன். இனி எப்போது கேட்பது?

"எனக்கப்புறம் இந்தப் பெட்டியை உன் பொண்டாட்டி பாத்துக்குவாளா?"

பார்க்கலாம் என்பான், அப்போது யோசிக்கலாம் என்பான் என்றுதான் எதிர்பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "செய்ய மாட்டாம்மா" என்றான். "அவளுக்கு இதுல எதுலயும் நம்பிக்கை இல்ல. நான் கட்டாயப்படுத்தவும் மாட்டேன். உன்கிட்ட பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்ல."

நெஞ்சில் ஒரு அடி. ஆனால் அடித்தவன் நேராக அடித்தான், அதுவரைக்கும் சரி.

என்ன பேசினோம் என்று சம்பந்தி கேட்டார். அவன் சொன்னான். அவர் அதைக் கேட்டு, என்னைப் பார்த்து, நிதானமாக ஏதோ சொன்னார். அந்தத் தடவை பிள்ளை ஒன்றையும் சுருக்கவில்லை.

"அவங்களும் அவங்க பொண்ணைக் கேட்டாங்களாம். நான் போன பிறகு இந்தக் காகிதத்தையெல்லாம் நீ வச்சுக்குவியான்னு. அம்மா, என் வீட்டுல எடமில்லன்னாளாம். அவ நல்ல பொண்ணு, பொய் சொல்லத் தெரியாது, அதான் கஷ்டம்னு சொல்றாங்க."

நான் பிள்ளையிடம் சொன்னேன்: "கேக்காதவ கையில கொடுக்கற சாமான் இல்ல இது. எனக்குக் காரியம் செய்ய வருவியில்ல, அன்னிக்கு இந்தப் பெட்டியையும் எடுத்துட்டுப் போய் ஆத்துல விட்டுடு. காவேரியில தண்ணி இல்லன்னா தண்ணி வர்ற வரைக்கும் இருந்து விட்டுட்டுப் போ. வேற யார்கிட்டயும் கொடுக்காதே."

"சரிம்மா" என்றான். செய்வான்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று, பச்சை ஏறிப்போன அந்த நீலப் புடவையை மடித்துச் சம்பந்தி கையில் கொடுத்தேன். உங்கள் வீட்டுப் பெண், உங்களோடு இருக்கட்டும் என்றேன். வாங்கிக்கொண்டு என்னைக் கட்டிக்கொண்டார். எனக்கு அந்தப் பழக்கமில்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

மருமகளுக்குப் பெண் பிறந்தது. போனில் காட்டினார்கள். மூக்கு எங்கள் வீட்டு மூக்கு.

இந்தத் தை மாசம் படையலுக்கு நான் மட்டும்தான். எதிர்வீட்டுக்காரி மகள் வீட்டுப் பிரசவத்துக்குத் திருச்சிக்குப் போயிருந்தாள். அதே நேரத்தில் அங்கே தானும் வைக்கப்போவதாகச் சம்பந்தி சொல்லியனுப்பியிருந்தார். எனக்குச் சாயங்காலம், அவருக்குக் காலை. பிள்ளை வேலைக்குப் போகிற வழியில் அங்கே இறங்கி, இரண்டு போனையும் முகம் தெரிகிற மாதிரி இணைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டோம். எனக்கு அவர் பாஷை வராது, அவருக்கு என்னுடையது வராது. அவர் நீலப் புடவையைத் தூக்கிக் காட்டினார். மேலே ஒரு கம்பளிச் சால்வையும் வைத்தார். வெளியே பனி என்று ஜன்னலைக் காட்டினார். நான் தலையாட்டினேன். போனைப் பூஜையறையில் அரிசி டின்மேல் சாய்த்து வைத்துவிட்டு, இலை போட்டுப் பரிமாறிக் கற்பூரம் காட்டி, வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் போனை உள்ளேயே விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. கூடாதுதான். ஆனாலும் அங்கே அந்த அம்மாள் என்னைக் காணாமல் தேடுவாரே என்று கதவைக் கொஞ்சம் நீக்கிப் பார்த்தேன். போனில் அவர் இல்லை. ஒரு மேசை, சால்வை போர்த்திய புடவை, ஒரு தட்டில் ரொட்டி, ஒரு மெழுகுவர்த்தி. பின்னால் இருந்த கதவு சாத்தியிருந்தது. அவரும் வெளியே போய் உட்கார்ந்திருக்கிறார்.

நான் சத்தமில்லாமல் கதவை இழுத்துச் சாத்தினேன். திறப்பதற்கு அவசரம் ஒன்றும் இல்லை.